நிற்கும் கோடும் படுத்த கோடும்

ஃபராவின் அத்தாவுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து சாபிரா சலாம் சொல்லி எழுதுவது. நாங்கள் நலம், உங்கள் புறாக்கள் பதினொன்றும் நலம். போனில் சொன்னால் உங்கள் அறையில் எட்டுப் பேர் கேட்பார்கள். ஜெரினா அக்கா வீட்டுக்காரர் மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தாடியை எடுத்துவிட்டு நீங்கள் அனுப்பிய படத்தை ஃபராவிடம் காட்டினேன். இது நம்ம அத்தா இல்லை என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். நாற்பது நாள் குழந்தையாக விட்டுப் போனீர்கள், இப்போது மூன்று வயது. அடுத்த மாதம் நீங்கள் வந்து இறங்கும்போதும் இப்படியே சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

நடுவில் நான் அடித்த கூத்தைக் கேளுங்கள். பெருநாளுக்கு மாடியில் வெள்ளையடித்தவர், நீங்கள் போட்டிருந்த கோடுகள் மறைய, புறாக்கூண்டின் வாசல் பலகைக்கும் சேர்த்து அடித்துவிட்டார். புறாக்களைப் பறக்கவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அவசரமாகக் கறுப்புப் பெயிண்டால் கோடு போட்டேன், படுக்கைவாட்டில். குஞ்சிலேயே இரண்டு பெட்டி வைத்து நீங்கள் பழக்கியது மறந்தே போச்சு. நிற்கும் கோடு போட்ட பெட்டியில் தீனிக்குக் கம்பு இருக்கும், படுத்த கோடு என்றால் காலி.

அந்தச் சாயங்காலத்தை எப்படிச் சொல்வது? துறைமுகத்துக் கிரேன்கள் புகைமூட்டத்தில் கரைந்துபோய், வானமும் கடலும் ஒரே நிறமாகக் கிடந்தன. அதற்குள் பதினோரு புறாக்கள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தன. கிட்டே வரும், பலகையைப் பார்க்கும், விலகிப் போகும். கனவில் கூப்பிட்டால் குரல் வராதே, அப்படி நின்றேன். பக்கத்து மாடி அமீருதீன் மாமு, இன்னாம்மா, கோட்ட படுக்கப் போட்டுக்கீறியே, காலின்னு நெனச்சிப் போவுதுங்க என்று கத்தினார். தன் மாடியில் இறங்குகிற புறா பிடித்தவருக்கே சொந்தம் என்பது உங்கள் புறா ஆட்டத்தில் வழக்கம். இருந்தும் சொன்னார், நல்ல மனுஷன். சதுரப் பலகைதானே, கழற்றிக் கோடு நிற்கும்படி திருப்பி மாட்டினேன். ஒவ்வொன்றாக இறங்கிவிட்டன.

ஃபராவும் போனில் பார்த்த தாடியைத்தானே அத்தா என்று பழகி வைத்திருக்கிறாள். அவள்மேல் என்ன குற்றம்? தாடி வளர்த்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு மாதத்தில் எவ்வளவுதான் வளர்ந்துவிடும்? இருக்கிறபடியே வாருங்கள்.

விமான நிலையத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனம் நோகாதீர்கள், வாரித் தூக்கவும் வேண்டாம். பேசாமல் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். அவள் என்னைத்தான் பார்ப்பாள். என் முகத்தைப் பார்த்தாலே வந்திருப்பது யாரென்று தெரிந்துகொள்வாள்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
சாபிரா