முதலியார் வளவின் யானை

மிச்சம், லண்டன்
ஆனி 2003

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் இங்கே சுகம். நீங்களும் மச்சாளும் மழை ஒழுகாத அந்த ஓர் அறையில் சுகமாக இருக்க நல்லூரான் கண் திறக்கவேண்டும். இதை ரெலிபோனில் சொல்லலாம்தான். ஆனால் இங்கே இவர் பக்கத்தில் நின்று கேட்பார், அங்கே ரெலிபோன் கடையில் ஊரே நின்று கேட்கும். அதனால்தான் ஊருக்கு வரும் டொலறஸ் அக்காவின் கையில் கொடுத்துவிடுகிறேன்.

மேனுஷாவுக்குக் கலியாணம் பேசுகிறோம். மாப்பிள்ளை கிருஷாந், இல்ஃபோர்ட்டில் இருக்கும் கணேஸ்வரன் அண்ணையின் மகன். கூடப் படித்த பொடியன். இருவரும் தாங்களே விரும்பிவிட்டு, பெரியவர்கள் பேசுங்கோ என்று மரியாதையாக எங்களிடம் தந்தார்கள். சாதகமும் நன்றாகப் பொருந்தியது. குழப்பியது நீங்கள் இருக்கிற முதலியார் வளவு.

உங்கள் மச்சானைத் தெரியும்தானே. லண்டனுக்கு வந்த காலத்தில் அதை ஊரில் இருக்கிற பெரிய வீடு என்றுதான் சொன்னார். பிறகு அது அரண்மனையாகியது. ஒல்லாந்தர் காலத்து வாசல் வளைவு என்றார், அது உண்மை. நடுமுற்றம் வைத்த நாச்சார் வீட்டில் நாற்பது தூண் என்றார், அது பொய். போன பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் யானைக்கொட்டிலும் கட்டிவிட்டார். அது எங்கள் மாமாவின் ஆட்டுக்கொட்டில் என்று நான் வாய் திறக்கவில்லை. ஊரில் பாங்கு மனேஜராக இருந்த மனிசன், இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் நிற்கிறார். ஒரு அரண்மனையாவது இருந்துவிட்டுப் போகட்டுமே.

சம்பந்தம் பேச இல்ஃபோர்ட்டுக்குப் போனோம். தேத்தண்ணி வந்த கையோடு இவர், அது என்ர அப்பப்பாவின்ர அப்பர் முதலியார் ஆண்ட அரண்மனை என்று தொடங்கினார். கணேஸ்வரன் அண்ணை துள்ளி எழும்பினார். அவர் மலேசியாவில் பிறந்தவர், வளவைக் கண்ணாலும் கண்டதில்லை. என்ர அப்பப்பாவும் முதலியாரின்ர மகன்தான், அந்த அரண்மனையில பிறந்துதான் மலாயாவுக்குக் கப்பலேறினவர் என்றார். இவர் விடுவாரா? ஐயோ, அப்ப நீங்கள் எனக்குத் தம்பியெல்லோ என்று கட்டிப்பிடித்தார். இரண்டு பேரும் கண் கலங்கினார்கள்.

கணேஸ்வரன் அண்ணையின் மனைவி பவளக்கொடி பலகாரத் தட்டை மேசையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: நீங்கள் ரெண்டு பேரும் ஒரே வழியில அண்ணன் தம்பியெண்டால், பிள்ளையளும் சகோதரமெல்லோ? எப்பிடிக் கட்டிக் குடுக்கிறது?

வீடு செத்த வீடானது. மேனுஷா திரும்பி வரும்போது ட்ராமில் இருந்து அழுதாள். இல்லாத யானைக்காக நான் என்னம்மா செய்ய ஏலும் என்று கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன்: அரண்மனை வேணுமோ, மகள் வேணுமோ, நீங்களே சொல்லுங்கோ. மனிசன் வேலைக்குப் போனார், வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குப் பிடித்த ஒடியல் கூழைக்கூடத் தொடவில்லை.

போன ஞாயிறு, கோட்டுப் போட்டுக்கொண்டு, வா இல்ஃபோர்ட்டுக்கு என்றார். அங்கே போய், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. அது என்ர அரண்மனை இல்லை, கலாவதியின்ர தாய் வழிச் சீதன வீடு, நான் அங்க கலியாணம் முடிச்சு வந்து இருந்தவன் என்று நின்றபடியே சொன்னார். என்ர அப்பப்பா உப்பளத்தில கணக்கெழுதினவர், அவருக்கு நாலு தூண்கூட இல்லை என்றார். அண்ணை, கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் அன்றைக்குத்தான் இந்த மனிசனை எனக்கு மிகவும் பிடித்தது.

பவளக்கொடி விரல் மடித்து எண்ணினார். வளவு முதலியாரின் மகளான என் அம்மம்மா வழியில் வந்ததென்றால் கணேஸ்வரன் எனக்கு அண்ணன் முறை, அவர் மகன் எனக்கு மருமகன், மேனுஷா அவனுக்கு உரிமைப் பெண். சகோதரம் என்று பிரித்த அதே வளவு இப்போது முறையாக்கி வைத்திருக்கிறது!

ஆனாலும் ஊரில் விசாரிக்காமல் சம்பந்தம் செய்வார்களா? கணேஸ்வரன் அண்ணையின் அக்கா செல்வமலர் அடுத்த கிழமை வீடியோக் கமராவோடு அங்கே வருகிறார். அவர் சொல்லும் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மம்மாவுக்குச் சீதனமாக வந்து, அம்மாவுக்குப் போய், எனக்கு எழுதிய வீடு என்று உள்ளதைச் சொல்லுங்கோ. முதலியாருக்கு ஆண்பிள்ளை இருந்ததா என்று கேட்டால் மட்டும் உங்களுக்கு இருமல் வரட்டும். அது கணேஸ்வரன் அண்ணையின் அரண்மனை, நாங்கள் ஏன் இடிக்கவேணும்?

எழுத்தில் என் பெயர் இருக்கிறதே என்று நீங்களோ மச்சாளோ யோசிக்கவேண்டாம். ஷெல்லடிக்குள்ளும் அதை விட்டுப் போகாமல் இருந்தவர் நீங்கள். நீங்கள் இருக்கும்வரை அது உங்கள் வீடு. மேனுஷாவும் இதையே சொன்னாள்.

இன்னும் ஒன்று, இவருக்குத் தெரியாமல் கேட்கிறேன். தூண்களைச் செல்வமலர் எண்ணிப் பார்க்கட்டும், ஓடில்லாத கூரையையும் படம் எடுக்கட்டும். ஆட்டுக்கொட்டிலுக்கு முன்னால் வந்தால் மட்டும், முந்தி இதில் ஒரு யானை நின்றது என்று சொல்லிவிடுங்கோ. அரண்மனை முழுவதையும் மகளுக்காக விட்டுக்கொடுத்த மனிசன், அண்ணை. ஒரு யானையாவது அவருக்கு மிஞ்சட்டும்.

பிள்ளைகளை மனதார வாழ்த்துங்கோ.

என்றும் உங்கள் தங்கை,
கலாவதி