உங்கள் பெயரில் ஒரு தகரக் கொட்டகை

என் ரெஜினா அக்காவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. நீங்கள் அறிவியல் டீச்சர், நான் சமூக அறிவியல். ஒரே மேசையில் பதினெட்டு வருடம் சோற்றைப் பகிர்ந்து தின்றோம். அந்த உரிமையில்தான் ஒரு தப்பை ஒத்துக்கொள்ள உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

வெயிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாகமலைப் பக்கம் காலை ஒன்பது மணிக்கே தரை காந்துகிறது. உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வகுப்புக்குள் நுழையும்போதே வாடிப்போய் இருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் முன்பெல்லாம் நகை, கல்யாணம் என்று பேசுவோம். இப்போது வெயிலைத்தான் பேசுகிறோம், பேசிவிட்டு ஆளுக்கொரு கவலையோடு எழுந்து போகிறோம்.

போன வாரம் பத்தாம் வகுப்பில் புவி வெப்பமயமாதல் பாடம். ஒரு பெண் எழுந்து, "நாங்க ஒங்க வயசுக்கு வர்றப்ப எம்புட்டு சூடா இருக்கும், டீச்சர்?" என்றாள். உலகம் புகையை எவ்வளவு குறைக்கிறது என்பதைப் பொறுத்தது என்றேன். "கொறைப்பாங்களா?" என்றாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அக்கா. அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

இனி அந்தத் தப்பு. நீங்கள் போனதும் உங்கள் நினைவாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எல்லோரும் துடித்தோம். காலை வழிபாட்டில் பிள்ளைகள் வெயிலில் நிற்பது உங்களுக்குப் பொறுக்காதே! அதனால் மைதானத்தில் தகரக் கொட்டகை போட்டு, முகப்பில் உங்கள் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்தோம். அதற்கு இடம் வேண்டி அங்கே நின்ற இரண்டு வேப்பமரங்களை வெட்டினோம். இடத்தைக் காட்டியவள் நான்தான். நிழலுக்கென்று மரத்தை வெட்டிய புத்திசாலிகள் நாங்கள். நீங்கள் இருந்திருந்தால் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பீர்கள்.

அந்தத் தகரத்துக்குக் கீழே நிற்பதற்கு வெளியே வெயிலில் நிற்பதே தேவலை. திங்கட்கிழமை வழிபாட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அங்கேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். அவள் அப்பா வந்து சத்தம் போடவில்லை. "மரத்த எதுக்கு டீச்சர் வெட்டுனீங்க?" என்று மட்டும் கேட்டார்.

கொட்டகையைப் பிரித்துவிட்டு மறுபடி மரம் நடலாம், அதுவரை வழிபாட்டை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். "ரெஜினா டீச்சர் பேரு போட்டதப் பிரிச்சா அவங்க வீட்டுக்காரரு என்ன நெனைப்பாரு, ஸ்டெல்லா? பாவம், மாசாமாசம் வந்து அந்தக் கல்லத் தொடச்சிட்டுப் போறாரு" என்றார். நானும் தினமும் அந்தக் கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன். அதையும் எடுத்துவிட்டால் உங்களுக்கென்று அங்கே என்ன மிஞ்சும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உங்கள் வீட்டுக்காரரிடம் நானே போய், கொட்டகையைப் பிரிக்க வேண்டும் என்று சொல்லப் போகிறேன். இடத்தைக் காட்டியது நான் என்பதையும் மறைக்க மாட்டேன். அவர் முகம் வாடும், எனக்கும் அழுகை வரும். புதிதாக நடுகிற கன்று வளர்வதற்குள் வெயில் எந்த மட்டுக்கு ஏறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கொட்டகையைப் பிரிப்பது எங்கள் கையில்தான் இருக்கிறது. உங்கள் பெயருக்குக் கீழே இன்னொரு பிள்ளை விழ விடமாட்டேன், அக்கா.

கூடப் பிறக்காத உங்கள் தங்கை,
ஸ்டெல்லா