மிக்ஸி பெட்டியில் இருந்தது

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் கை எப்படி இருக்கிறது? கட்டுக்குள் அரிப்பு குறைந்ததா? போன் செய்தால் உன் தம்பிதான் எடுக்கிறான். "அக்கா தூங்குறாங்க மாமா" என்கிறான். காலை பத்து மணிக்கும் தூங்குகிறாய், மாலை ஐந்து மணிக்கும் தூங்குகிறாய். அதனால்தான் கடிதம். இதாவது நீ விழித்திருக்கும்போது வந்து சேரட்டும்.

அன்று அவன் உன்னை அழைத்துக்கொண்டு போனபோது, நம் வீட்டு நடையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க இடமில்லாமல் உனக்குப் பின்னால் பக்கவாட்டில் நகர்ந்து போனான். உன்னைத் தடுக்கி விழவைத்துக் கையை ஒடித்த சுழல் நாற்காலியின் கால் அப்போதும் அங்கேயேதான் கிடந்தது. "ஒண்ணு சாமான் இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். பதினெட்டு நாளாக எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எதையாவது தூக்கத் தோன்றுகிறது.

காலி செய்தேன். உடனே நம்பிவிடாதே. முதல் நாள் பதினொரு சாமானை வாசலில் வைத்தேன். இருட்டுவதற்குள் ஏழு உள்ளே வந்துவிட்டன. லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற கட்டடங்களில், வீடு மாறுகிறவர்கள் விட்டுப் போகிறதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. ஒரு ஸ்க்ரூ போட்டால் ஓடுகிற ஃபேனை எப்படி விடுவது? அந்த ஒரு ஸ்க்ரூவைப் பத்து வருஷமாக ஏன் போடவில்லை என்று கேட்பாய்.

திறந்து பார்த்தால் கொடுக்க மாட்டேன் என்று எனக்கே தெரியும். அதனால் வியாழக்கிழமை காலையில் அட்டைப்பெட்டிகளைத் திறக்காமலே பழைய சாமான் எடுக்கிற அம்மாவின் வண்டியில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போனேன். லிஃப்ட் மோட்டாருக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. நம் வீட்டில் எந்தப் பெட்டியிலும் மேலே எழுதியிருக்கிற பொருள் இருந்ததே இல்லையே! இஸ்திரிப் பெட்டி அட்டையில் பூட்டுகள், குக்கர் அட்டையில் பல்புகள், மிக்ஸி அட்டையில் உன் ஆசிரியர் பயிற்சிப் புத்தகங்கள்.

கல்யாணத்தின்போது உனக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு மிச்சம் இருந்தது. "அடுத்த வருஷமே சேத்து விட்டுடறேன் மாமா" என்று உன் அப்பாவிடம் சொன்னவன் நான். புத்தகங்களை அடுக்கிக் கட்டியதும் நான். மூன்று வீடு மாறினோம். மற்றதெல்லாம் வண்டியில் வந்தது, அந்தப் பெட்டி மட்டும் என் தோளில் வந்தது.

கிரீஸ் கையோடு ஓடினேன். அந்த அம்மாவின் கிடங்கில் போய் மூச்சிரைக்க நின்றேன். "இப்படி ஓடி வர்றதுக்கு எதுக்குய்யா குடுத்தீங்க? தேடி எடுத்துக்கோங்க, இன்னொரு வாட்டி என்னைக் கூப்பிடாதீங்க" என்று எரிந்து விழுந்தார். தேடி எடுத்துப் பிரித்தேன். உள்ளே என்னுடைய கிழிந்த காக்கிச் சட்டைகளும் சில தலையணை உறைகளும் இருந்தன. ஒரு புத்தகம்கூட இல்லை.

உன் அக்காவிடம் போனில் கேட்டேன். "அதை ஏழு வருஷத்துக்கு முந்தியே பழைய வீட்டுப் பக்கத்துல தையல்கடைக்காரர் பொண்ணுக்குக் குடுத்துட்டாளே! அந்தப் பொண்ணு இப்ப டீச்சர். உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வந்தபோதும் அந்தப் பெட்டியைத் தோளில் வைத்துத்தான் படி ஏறினேன். நீ பின்னாலேயே வந்தாய். "மெதுவா, மெதுவா, பத்திரம்" என்றாய். என் கந்தல் சட்டைகளுக்கா அந்தப் பத்திரம்? அப்போது நீ சிரித்தாயா, அழுதாயா? நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதை நினைத்துத்தான் இரண்டு நாளாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

உனக்காகத்தான் அதை வைத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி வீட்டில் இருக்கிறவரை நான் வாக்குத் தவறவில்லை என்று ஒரு நினைப்பு. அது இருந்ததால் உன்னிடம் கேட்காமலே காலத்தை ஓட்டிவிட்டேன். ஒரு தடவையாவது "படிக்கப் போறியா?" என்று கேட்டிருக்கலாம். தப்பு என்மேல்தான். மன்னித்துவிடு.

நடை இப்போது காலி. கட்டிலுக்கடியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். காக்கிச் சட்டைகளைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கிறார்களாம், உன் தம்பி சொன்னான். அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். வீட்டுக்கு வா என்று அங்கே வைத்துக் கேட்க மாட்டேன். அந்தப் பெண்ணுக்குப் புத்தகங்களைக் கொடுத்த அன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது என்று மட்டும், மனசிருந்தால், சொல். நடுவில் பேசாமல் கேட்கிறேன்.

உன் கை நல்லபடியாகக் கூடட்டும். நீ பேனா பிடிக்க நினைத்தால் அது வலிக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் கணவன்