ஏழாவது ஸ்பூன்

அப்பாவுக்கு, ஹேவோன் பணிவோடு எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? பூண்டு நடுகிறேன் என்று ஈரத்தில் நிற்காதீர்கள்.

யாங்கு மலையில், போரில் விழுந்தவர்களின் எலும்புகளைத் தோண்டியெடுக்கும் வேலை நன்றாக நடக்கிறது. ஒரு வேடிக்கை சொல்கிறேன், பயப்படாதீர்கள். நாங்கள் ஆறு பேர். சமையல்கார ஒக்சூன் அக்கா மூன்று நாளாக மதியச் சாப்பாட்டுக்கு ஏழு ஸ்பூன் வைத்தாள்.

"எண்ணத் தெரியாதா அக்கா?" என்று சீண்டினேன்.

"போடி, உனக்குத்தான் கண்ணு தெரியல. உன் பக்கத்துல ஒரு பையன் உக்கார்றானே, முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து. சிரிக்கிறான், சோத்தை மட்டும் தொட மாட்டேங்கிறான்."

எல்லோரும் சிரித்தோம்.

நேற்று பதுங்குகுழியில் ஒருவர் கிடைத்தார். உட்கார்ந்தபடியே இருந்தார், கையருகே துருப்பிடித்த ஸ்பூன். மண்டையோட்டைத் துடைத்தேன். முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, உங்களுக்கு இருப்பது போலவே.

இன்று அக்கா ஆறு ஸ்பூன்தான் வைத்தாள். "அவன் வீட்டுக்குக் கிளம்பிட்டான்டி," என்றாள்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். அப்புறம், சுகாதார நிலையத்துக்கு ஒருநடை போய் வாருங்கள். கிடைத்த எலும்போடு ஒப்பிட்டுப் பார்க்க, கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தடவி எடுப்பார்கள், அவ்வளவுதான். தாத்தா செத்ததாக ஒப்புக்கொள்வது போலாகும் என்று இத்தனை வருடம் மறுத்தீர்கள். எனக்காகப் போங்கள்.

தபால் வண்டி புறப்படுகிறது. போருக்குப் போன தாத்தா திரும்பி வருவார் என்று வாசல் கதவைத் தாழிடாமல் தூங்குவீர்களே, அதற்காக எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். இந்த வாரம் தாழிட்டுவிடாதீர்கள், அப்பா.