வாய்க்காலில் போன தாழ்ப்பாள்கள்

என் செல்லச் சண்டைக்காரிக்கு,

உன் அப்பா திவசத்துக்கு நீ வருவதற்குள் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடச் சொல்கிறாய். போரில் டாங்கி ஓட்டி, கைதியாகி, பிழைத்து வந்த மனிதர் முதல் வேலையாக வீட்டுத் தாழ்ப்பாள்களையெல்லாம் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். "உள்ள இருக்கறவங்க பாடணும்!" என்று உத்தரவு வேறு. உன்னைப் பெண் பார்க்க வந்த குத்தாலத்து மாமனார், பாட்டு வராமல் பதினாறாம் வாய்ப்பாட்டை முழங்கியது தெருவுக்கே கேட்டது.

போன வாரம் தாழ்ப்பாள் போட ஆசாரி வந்தபோது நான் பாடிக்கொண்டே குளித்துக்கொண்டிருந்தேன். "தனியாத்தானே இருக்கீங்க, யாருக்கும்மா பாடறீங்க?" என்று கேட்டார். கோபத்தில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நேற்று பாடாமல் குளித்துப் பார்த்தேன். கதவை யாரும் திறக்கவில்லை.

நாளைக்கு ஆசாரியை வரச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா