சாப்பாடு ஆறுகிறது

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒரு ஹாட்பாக்ஸ் வாங்கிவிட்டேன். காரணம், என் கணவரின் ஜெபம்.

மனிதர் சாப்பாட்டு மேசையில் கண்ணை மூடினால் லேசில் திறப்பதில்லை. ஆகாரத்துக்கு நன்றி, சரி. சமைத்த கைக்கு நன்றி, அதுவும் சரி, கை என்னுடையது. ஆனால் அத்தோடு விடுவாரா? குழாயில் வந்த தண்ணீர், கேஸ் சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வந்தவர், டிரைவிங் ஸ்கூலில் இவரிடம் கார் பழகும் அம்மாள் இன்று சுவரில் இடிக்காமல் நிறுத்தியது, அந்தச் சுவரைக் கட்டின கொத்தனார்... ஊர் உலகத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஆமென். நானும் வழக்கம்போல ஒற்றைக் கண்ணைத் திறந்து, "ஏங்க, சாப்பாடு ஆறுது" என்றேன். "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு பேருக்கு நன்றி சொன்னார். குரல் வேறு கரகரவென்று, பாதியில் அறுந்து அறுந்து வந்தது. ஒரு மாதமாகவே இப்படித்தான்.

இந்த வீட்டில் ஒரு பொருள் உள்ளே வந்தால் ஒரு பொருள் வெளியே போக வேண்டும். அவர் போட்ட சட்டம். மேசை ஒன்று, நாற்காலி மூன்று, ஆள் மூன்று. விருந்தாளி வந்தால், நான் வேலை பார்க்கும் பேக்கரியிலிருந்து வந்த பழைய ரொட்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு மகள் உட்காருவாள்.

"ஹாட்பாக்ஸுக்குப் பதிலா எதை அனுப்பலாம்?" என்றேன்.

"அப்பா ஜெபத்துல பாதிய" என்றாள் மகள். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பொருத்தமான பெயர். கடைசியில் பூச்சாடி பக்கத்து வீட்டுக்குப் போனது.

ஜூன் 9, திங்கள்

தொண்டை டாக்டரிடம் போனோம். சின்ன வயதுப் பெண். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, "குரல் நாண்ல கட்டி இருக்கு. பயப்படற மாதிரிக் கட்டி இல்ல, கத்திக் கத்தி வந்தது. என்ன வேலை பாக்குறீங்க?" என்றார்.

"கார் ஓட்டச் சொல்லித் தர்றேன்."

"அதானே பார்த்தேன்."

வருடக்கணக்கில் "பிரேக்கு! பிரேக்கு! அது ஆக்ஸிலேட்டரும்மா!" என்று கத்தினால் எந்தத் தொண்டைதான் தாங்கும்?

கட்டியை எடுத்துவிடலாமாம். ஆனால் அதற்குப் பிறகு டாக்டர் சொல்லும்வரை வாயிலிருந்து ஒரு சத்தம் வரக் கூடாது, கிசுகிசுப்புகூடக் கூடாது. "குரல் பழையபடி வந்துடும்ல?" என்று கேட்டேன். "பெரும்பாலும் வந்துடும். ஆனா உறுதியா சொல்ல மாட்டேன்." பேசாத இவரை எந்த டிரைவிங் ஸ்கூல் வைத்துக்கொள்ளும்? அதை விடு. பேசாத இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஜூன் 12, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. ஸ்தோத்திரம்.

ஜூன் 15, ஞாயிறு

வாய்க்குப் பூட்டு போட்டு அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். மேசையில் ஒரு தட்டு தட்டினால் 'ஆமாம்'. இரண்டு தட்டினால் 'இல்லை'. இப்படி ஒரு ஒப்பந்தம்.

சாப்பாட்டு ஜெபம் என் தலையில் விழுந்தது. எனக்கென்ன வந்தது? "ஆண்டவரே, இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம், ஆமென்" என்று முடித்துக் கரண்டியை எடுத்தேன்.

டக், டக்.

"என்னங்க, உப்பு இல்லையா?" ஆனால் அவர் இன்னும் வாயிலேயே வைக்கவில்லை. மறுபடி கண்ணை மூடிக் கைகளைக் கூப்பினார். அப்போதுதான் புரிந்தது, ஜெபம் முடியவில்லையாம். பழகுகிறவர்களின் காரில் இவர் கால் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இங்கேயும் ஒன்று பொருத்திக்கொண்டார்! சரியென்று, "குழாயில் வந்த தண்ணீருக்காக" என்றேன். டக், டக். "சிலிண்டர் தூக்கி வந்தவருக்காக." டக், டக். தான் சொன்னதையே நான் காப்பி அடிக்கிறேனாம். "அப்ப நான் எதுக்குத்தாங்க நன்றி சொல்றது?" என்று கண்ணை மூடிக்கொண்டே கத்திவிட்டேன். ரேடியோ விழுந்து விழுந்து சிரித்ததில் அன்றைய ஜெபம் அத்தோடு சரி.

ஜூன் 20, வெள்ளி

வேலையிடத்தில் ரொட்டி வெட்டும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் பேசுவதும் கேட்காது. உதட்டைப் பார்த்தே எல்லாம் பேசிக்கொள்வோம். அந்தப் பழக்கத்தில் இவர் முகத்தைப் படிப்பது எனக்குச் சிரமமாக இல்லை. இத்தனை வருடம் அந்த இயந்திரத்தைச் சத்தத்துக்காகத் திட்டத்தான் செய்தேன்.

இப்போது காலையிலிருந்தே நன்றி சொல்ல விஷயங்களைப் பொறுக்கத் தொடங்கிவிடுகிறேன். முதல் சூட்டு ரொட்டியின் வாசனை: இது ராத்திரி ஜெபத்துக்கு ஆகும். பேருந்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள்: இதுவும் ஆகும். என்னை 'அக்கா' என்றாள், 'ஆன்ட்டி' இல்லை: கட்டாயம் ஆகும். ராத்திரி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். ஒரே ஒரு தட்டு. பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

ஜூன் 28, சனி

மானம் போயிற்று. ஆனால் நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

எங்கள் சபைப் போதகர் பார்க்க வந்தார். சாப்பிடச் சொன்னோம். ரேடியோ ரொட்டிக் கூடைக்கு மாறினாள். போதகர் நாலே வார்த்தையில் ஜெபித்து ஆமென் சொன்னார். பசி போல.

டக், டக்.

ஐயோ! இவருக்குக் கை பழகிப்போய்விட்டது. போதகர் திகைத்துப் பார்த்தார். இவர் முகம் சிவந்து அசடு வழிந்தார். "அது வந்து ஐயா, 'இன்னும் சொல்லுங்க'னு அர்த்தம்" என்று ரேடியோ உடைத்துவிட்டாள். போதகர் மறுபடி கண்ணை மூடி, வருகிற வழியில் அறுந்த தன் செருப்பைத் தைத்துக் கொடுத்தவருக்கு, வலி நின்ற பல்லுக்கு, இந்தக் கூடையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஹாட்பாக்ஸ் இருந்ததோ, தப்பித்தோம்.

ஜூலை 7, திங்கள்

சரியில்லை. வீக்கம் வடியவில்லையாம். ரெண்டு நாணும் சேர மாட்டேங்குதாம். "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம். வராமலும் போகலாம், மனச தயார் பண்ணிக்கோங்க" — எதுக்குத் தயார் பண்றது? எப்படித் தயார் பண்றது? இவர் என்னடான்னா டாக்டரைப் பார்த்துச் சிரிச்சுட்டு கும்பிடறார்.

ராத்திரி மேசையில் கண்ணை மூடினேன். ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, எனக்கு இன்னிக்கு நன்றியே இல்லை, கோபம்தான் இருக்கு, அதையா சொல்றது? வாயைத் திறக்கவே இல்லை. இரண்டு தட்டு வரும், வந்தால் அழுதுவிடுவேன் என்று காத்திருந்தேன்.

ஒரு தட்டுதான் வந்தது.

அதற்கும் அழுதேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஹாட்பாக்ஸைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் பக்கத்தில் ரொட்டி அடுக்கும் பெண் புதிதாகக் குடித்தனம் போட்டிருக்கிறாள். அவளிடம் கொடுத்துவிட்டேன். "எதுக்குக்கா?" என்று உதட்டால் கேட்டாள். "எங்க வீட்ல இப்ப சாப்பாடு ஆறுறதில்ல" என்று உதட்டாலேயே சொன்னேன்.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால், தெருவில் விடாமல் ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தேன். சுவரில் இடிக்கிற அம்மாள்! தனியாகக் காரை ஓட்டி வந்து, வாசல் சுவருக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தியிருக்கிறார்.

"சார்! பாஸாயிட்டேன்! இடிக்கல பாருங்க!" என்று மூன்று மாடிக்கும் கேட்கக் கத்தினார். "நீங்க பக்கத்துல இல்லாட்டியும் காதுல கேட்டுட்டே இருக்கு சார், பிரேக்கு பிரேக்குனு!"

இவர் ஜன்னல் கட்டையில் இரண்டு கையாலும் டமடமவென்று தட்டினார். இது ஆமாமா இல்லையா என்று ஒப்பந்தத்தில் இல்லை. ஒரு வாரமாக மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்த நானும் சேர்ந்து தட்டினேன். ராத்திரி அந்த அம்மாளுக்காக நன்றி சொன்னேன். அந்தச் சுவருக்கும், அதைக் கட்டின கொத்தனாருக்கும் சொன்னேன். அவருடைய காப்பிதான். இந்த முறை விட்டுவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

வீக்கம் வடிந்துவிட்டது! நாண்கள் சேருகின்றன! டாக்டரே கை தட்டினார். ஒரு வாரம் கழித்து ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை பேசிப் பார்க்கலாமாம், கத்தக் கூடாதாம். முன்போல வருமா என்பது அப்போதுதான் தெரியுமாம்.

அவர் முதலில் என்ன சொல்வார் என்று வீட்டில் ஒரே வாதம். "பிரேக்கு" என்கிறாள் ரேடியோ. "ஸ்தோத்திரம்" என்கிறேன் நான். அவர் இரண்டுக்கும் இரண்டு தட்டு தட்டினார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றுதான் அந்த நாள். காலையிலிருந்து வாயைத் திறக்கவில்லை மனிதர். பேசிப் பார்த்து வராவிட்டால் என்று பயமோ என்னவோ. நானும் கேட்கவில்லை.

ராத்திரி மேசையில், "நீங்களே ஜெபம் பண்ணுங்களேன்" என்றேன். தலையை ஆட்டி என்னைக் கைகாட்டினார்.

கண்ணை மூடினேன். சொல்வதற்கு அவ்வளவு சேர்ந்து கிடந்தது. டாக்டரின் கைக்கு, டாக்டரைப் படிக்க வைத்தவர்களுக்கு. ரொட்டி வெட்டும் இயந்திரத்துக்கு. சுவர் அம்மாளுக்கு, போதகரின் பல்லுக்கு. மூன்று நாற்காலிக்கும் ஒரு கூடைக்கும். ஒன்றும் சொல்ல வராத அந்த ராத்திரியில் விழுந்த ஒரு தட்டுக்கு. ரேடியோ பெருமூச்சு விடுவது கேட்டது. மாடிப்படியில் பல்பு மாற்றினவருக்கு, பல்புக்கு...

"ஏம்மா."

எண்ணெய் இல்லாத கதவு மாதிரி ஒரு குரல்.

"சாப்பாடு ஆறுது."

ஒற்றைக் கண்ணைத் திறந்திருந்தார். அதே மாதிரி, அச்சாக என்னை மாதிரியே. ரேடியோ முதல்முறையாக வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"இதோ வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு, இன்னும் இரண்டு பேருக்கு நன்றி சொன்னேன்.

ஹாட்பாக்ஸும் இல்லை. சில்லென்று ஆறின சாப்பாட்டை மூன்று பேரும் வழித்துச் சாப்பிட்டோம்.