செவ்ரானில் வைத்த போத்தல்

மாமா,

பிரிட்ஜைத் திறந்தால் உங்கள் பியர்ப் போத்தல் நிற்கிறது. கம்பி மூடியில் மூக்கை வைத்தால் மெல்லிய புளித்த வாசனை. வேலை முடிந்து வரும்போது உங்கள் சட்டையில் இருந்த அதே வாசனை. அம்மா நித்திரை. குசினி மேசையில் இருந்து சத்தம் போடாமல் எழுதுகிறேன்.

நாளை நீங்கள் செத்த முப்பத்தோராம் நாள் படையல். நண்டுக்கறி, கூழ் எல்லாம் ஆயத்தம். "அவன்ரை பியரும் ஒரு கிளாஸ் வைக்கோணும்" என்று அம்மா சொன்னா. போத்தலை யார் திறப்பது என்றபோது எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். கோபத்தில் "நான்தான் திறப்பன்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து திறக்கும்போது வரும் சத்தத்தை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறேன். இதை வீட்டில் யாருக்கும் சொல்ல முடியாது. உங்களுக்குச் சொல்லலாம்.

வன்னியிலிருந்து அம்மாவும் நானும் உங்களிடம் வந்த முதல் கோடை. பாரிஸ் லா சப்பலில் இதே வீடு. வெக்கையில் இருக்கட்டும் என்று நீங்களே காய்ச்சிய பியர்ப் போத்தல்களை அம்மாவின் சேலை அலுமாரிக்குள் வைத்திருந்தீர்கள். மூடுவதற்கு முன் கொஞ்சம் சீனி போட்டால், பியரில் இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். அந்தக் கொஞ்சத்தை நீங்கள் தேத்தண்ணிக்குப் போடுவதுபோலக் குவித்துப் போட்டீர்கள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது ஒன்று வெடித்தது. பிறகு வரிசையாக. ஒன்றும் யோசிக்காமல் மூன்று பேரும் மேசைக்குக் கீழே குப்புறக் கிடந்தோம். பங்கருக்குள் பழகியபடி நான் காதைப் பொத்தி வாயைத் திறந்து வைத்திருந்தேன். அலுமாரிக்கு அடியால் நுரை வந்த பிறகுதான் அம்மா எழும்பினா.

"எட விசரா! ஷெல்லுக்குத் தப்பி வந்து உன்ரை சீனியாலையே சாகிறது?"

"அக்கா, எந்தக் கோயில் சேலையிலை பட்டது?"

"எல்லாத்திலையுந்தானடா!"

நீங்கள் சிரித்தீர்கள். என்னால் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. நீங்கள் உங்கள் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு குனிந்து கீழே வந்து, தலை பலகையில் இடிக்க இடிக்க, எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டு முடித்தீர்கள்.

அடுத்த கிழமை போத்தல்களுக்குப் பதிலாக இரும்புப் பீப்பாய் வந்தது. அதற்குச் சீனியும் இல்லை, கிழமைக்கணக்கில் காத்திருப்பும் இல்லை. குளிரில் வைத்து, வாயு சிலிண்டரைத் திறந்தால் அது தானே பியருக்குள் இறங்கும். அளவு காட்டும் முள்ளைத் தட்டி, "பார் பிள்ளை, இது எங்கடை சொல்லுக் கேக்கும்" என்றீர்கள். ஆட்கள் வந்தால் பீப்பாய் பியரைப் புகழ்ந்து தள்ளுவீர்கள். நானும் நம்பினேன்.

நேற்று பாரிசுக்கு வெளியே செவ்ரானிலிருந்து, உங்களோடு ரெஸ்ரோறன்ரில் வேலை செய்த அண்ணை வந்தார். துவாயால் சுற்றி இந்தப் போத்தலைக் கொண்டுவந்தார்.

"உன்ரை மாமாவுக்குப் பீப்பாய் பியர் பிடிக்காது, தெரியுமே? நுரை சுள்ளெண்டு ஏறி உடனை அடங்கிப் போகுமாம். போத்தலுக்குள்ளை கிடந்து ஊறினதுதான் பியர் எண்டுவார். ஒவ்வொரு கோடையும் என்ரை நிலவறையிலைதான் வைச்சவர். இதுதான் கடைசி."

"ஏன் இஞ்சை வைக்கேல்லை?"

"பிள்ளைக்குக் கேக்காத தூரத்திலை இருக்கட்டும் எண்டவர்."

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் காட்ஸ் விளையாடத்தான் செவ்ரானுக்கு ரயிலேறிப் போகிறீர்கள் என்று இத்தனை வருடமாக நினைத்திருந்தேன், மாமா.

இப்போது போத்தலை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்த்தேன். அடியில் ஈஸ்ட் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அது கலங்கிவிடும் என்று பயந்து உடனே திருப்பி வைத்தேன்.

நாளை துவாயால் மூடி, கம்பியை மெல்ல மெல்லத் தளர்த்துவேன். சத்தம் வரும். வந்தால் நான் மேசைக்குக் கீழே போய்விடுவேன், அதை என்னால் நிறுத்த முடியாது. ஆனால் கிளாஸை நிரப்பி, உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் போவேன். யார் சிரித்தாலும் சிரிக்கட்டும்.

பக்கத்தில் உங்களுக்கும் இடம் விட்டிருப்பேன். தலை இடிக்காமல் வாருங்கள்.